எபிசோட் 41: தாத்தாவோட டிராக்டருக்கு எந்த ஆயில் ஊத்துறது?

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த வாரம் பிரேக்-அப் கதை கிடையாது, ஸ்டார்ட்-அப் கதையும் கிடையாது. ஆனா ஒரு ஸ்டார்ட் இருக்கு. ஒன்பது வருஷமா கொட்டகையில நின்ன ஒரு டிராக்டரை ஸ்டார்ட் பண்ண கதை. அதுக்கு எந்த இன்ஜின் ஆயில் ஊத்தணும்னு நான் தேடின தேடல், பண்ண தப்பு, கத்துக்கிட்டது எல்லாத்தையும் சொல்றேன். "எங்கிட்ட டிராக்டரே இல்லையே"ன்னு ஓடிடாதீங்க. உங்க பைக், அப்பாவோட பழைய கார், வீட்டு ஜெனரேட்டர் எல்லாத்துக்கும் இதுல பாதி பொருந்தும்.

எங்க ஊர் மன்னார்குடி பக்கம். தாத்தா 1988-ல பேங்க் லோன் போட்டு, பாட்டியோட வளையலையும் அடகு வச்சு வாங்கின வண்டி, மாஸி ஃபெர்குசன் 1035. சிவப்புக் கலர். மூணு சிலிண்டர் டீசல் இன்ஜின். மாஸி ஃபெர்குசனோட கைகோத்து 1960-ல சென்னையில தொடங்கின டாஃபே கம்பெனி பண்ண வண்டி. அதுக்குள்ள இருக்கிற இன்ஜினும் சென்னைதான், சிம்ப்சன். 1840-ல மெட்ராஸ்ல குதிரை வண்டி சாமான் பண்ண ஆரம்பிச்ச அதே சிம்ப்சன். இங்கிலாந்துல இருக்கிற பெர்கின்ஸ் கம்பெனியோட வடிவமைப்பு வழியில வந்த இன்ஜின். எளிமையானது, முரட்டுத்தனமானது, எலெக்ட்ரானிக்ஸ் எதுவுமே கிடையாது.

2016-ல தாத்தா தவறினாரு. அதுக்கப்புறம் வண்டியை யாரும் எடுக்கல. போன தை மாசம் சித்தப்பா போன் பண்ணி, "பழைய இரும்புக்காரன் வந்து பாத்துட்டுப் போயிருக்கான், குடுத்துடலாமா?"ன்னு கேட்டாரு. எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு. "பத்து நாள் குடுங்க சித்தப்பா, ஸ்டார்ட் ஆகலன்னா குடுத்துடுங்க"ன்னேன். சும்மா வாய் விட்டுட்டேன். எனக்கு ஸ்கூட்டிக்குக் காத்தடிக்கத்தான் தெரியும்.

என் முதல் தப்பு

போறப்போ வெறுங்கையோட போகக் கூடாதுன்னு ஆன்லைன்ல ரெண்டு கேன் ஆயில் வாங்கிட்டுப் போனேன். முழு சிந்தெடிக், 5டபிள்யூ-30, பெட்ரோல் காருக்கானது. கடையிலயே அதுதான் விலை ஜாஸ்தி. விலை ஜாஸ்தின்னா நல்லதாத்தானே இருக்கும்?

அந்த வண்டியை ஆரம்பத்துல இருந்து பாத்த மெக்கானிக் மாமா வந்தாரு. அறுபதைத் தாண்டியாச்சு, கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் போல்ட் நம்பரே பாக்குறாரு. கேனைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "பாப்பா, இது நல்ல சாமான்தான். ஆனா பச்சக் குழந்தைக்குப் பட்டுப்பாவாட வாங்கிட்டு வந்து தாத்தாவுக்குக் கட்டச் சொல்ற"ன்னாரு. சிரிச்சுட்டேன். ஆனா ஏன்னு புரியல. அதைப் புரிஞ்சுக்கத்தான் இந்த எபிசோட்.

ஆயில் உள்ள போய் என்ன பண்ணுது?

"வழவழன்னு இருக்கிறதுக்கு"ன்னு நாம சொல்லுவோம். அது ஒரு வேலைதான். ஓடுற இன்ஜினுக்குள்ள கிராங்க் ஷாஃப்ட், பேரிங் மேல உக்காந்து சுத்துறது இல்ல. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற மெல்லிய ஆயில் படலத்து மேல மிதந்துக்கிட்டுத்தான் சுத்துது. அந்தப் படலம் நம்ம தலைமுடியோட தடிமன்ல ஒரு சின்ன பங்குதான் இருக்கும். அது கிழிஞ்சா இரும்பு இரும்பைத் தொடும், கதை முடிஞ்சுது.

அது போக இன்னும் நாலு வேலை. பிஸ்டனோட அடிப்பக்கச் சூட்டை வாங்கிக் கீழ கொண்டுவரும். பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையில இருக்கிற சந்தை அடைக்கும். டீசல் எரியுறப்போ வர்ற கரியைத் தன்னோட சுமந்துக்கிட்டுத் திரியும். எரிபொருள்ல இருக்கிற கந்தகத்துல இருந்து உருவாகுற அமிலத்தை முறிக்கும்.

ஆயில் வாங்குறப்போ நாம கேட்க வேண்டியது ரெண்டே கேள்வி. எவ்வளவு தடிமன்? உள்ள கலந்திருக்கிற மருந்து எந்த இன்ஜினுக்கானது? டப்பா மேல இருக்கிற எழுத்தும் நம்பரும் இந்த ரெண்டுக்கான பதில்தான்.

முதல் கேள்வி: தடிமன்

மார்கழி மாசம் பாத்ரூம்ல தேங்காய் எண்ணெய் உறைஞ்சு நிக்கும், சித்திரையில தண்ணி மாதிரி ஓடும், பாத்திருப்பீங்க. எல்லா எண்ணெயும் சூட்டுல இளகும், குளிர்ல இறுகும். இன்ஜின் ஆயிலோட தலைவலியே இதுதான். காலையில ஸ்டார்ட் பண்றப்போ ரொம்பக் கெட்டியா இருந்தா மேல ஏற நேரம் ஆகும். வேலை செஞ்சு சூடு ஏறினப்புறம் ரொம்ப இளகினா படலம் கிழியும்.

இதை அளக்கிறதுக்கு எஸ்ஏஇ-ன்னு ஒரு அளவுமுறை இருக்கு. 15டபிள்யூ-40-ன்னு போட்டிருந்தா, அந்த 40 சூட்டுல இருக்கிற தடிமன். 100 டிகிரி செல்சியஸ்ல அதோட பிசுபிசுப்பு 12.5-ல இருந்து 16.3 சென்டிஸ்டோக்குக்குள்ள இருக்கணும். 30-ன்னா 9.3-ல இருந்து 12.5. 50-ன்னா 16.3-ல இருந்து 21.9. நம்பர் ஏற ஏற தடிமன் கூடும், அவ்வளவுதான்.

டபிள்யூ-ன்னா வின்டர், குளிர்காலம். 15டபிள்யூ ஆயிலை மைனஸ் 20 டிகிரியில சோதிப்பாங்க. 20டபிள்யூ-வை மைனஸ் 15-ல. 5டபிள்யூ-வை மைனஸ் 30-ல. மன்னார்குடியில மைனஸ் எங்க வரப்போகுது? அதனால 5டபிள்யூ-க்குக் குடுக்கிற காசு, காஷ்மீர் ஸ்வெட்டர் வாங்கி மெரினாவுல போட்டுக்கிற மாதிரி.

அந்தக் காலத்துக் கையேடுகள்ல எஸ்ஏஇ 30, எஸ்ஏஇ 40-ன்னு ஒத்தை நம்பர் மட்டும் இருக்கும். மோனோகிரேடுன்னு பேரு. "அதையேதான் ஊத்தணுமா, 15டபிள்யூ-40 ஊத்தலாமா?"ன்னு நான் கேட்டேன். ஊத்தலாம். சூட்டுல எஸ்ஏஇ 40-ம் 15டபிள்யூ-40-ம் ஒரே வரம்புக்குள்ளதான் நிக்கும். காலையில மட்டும் மல்டிகிரேடு சீக்கிரம் மேல ஏறும். பழைய இன்ஜினுக்கு அது நல்லதுதான், ஏன்னா தேய்மானத்துல கணிசமான பங்கு ஆயில் போய்ச் சேராத அந்த முதல் சில நொடிகள்லதான் நடக்குது.

நான் வாங்கிட்டுப் போன 5டபிள்யூ-30-க்கு வருவோம். அந்த 30 தான் முதல் சிக்கல். முப்பது வருஷத்துக்கு மேல உழைச்ச இன்ஜின்ல பேரிங் சந்து விரிஞ்சிருக்கும். பழைய பெர்கின்ஸ் வகை இன்ஜின்கள்ல கிராங்க் ஷாஃப்ட் பின்பக்கம் கயிறு மாதிரி திரிச்ச சீல்தான் இருக்கும், இப்ப வர்ற ரப்பர் சீல் இல்ல. இளகின ஆயில் அது வழியாச் சுலபமாக் கசியும். சிந்தெடிக் விஷம் ஒண்ணும் இல்ல. ஆனா அதோட சிறப்பெல்லாம் ரொம்பக் குளிர், ரொம்பச் சூடு, ரொம்ப நாள் ஆயில் மாத்தாம ஓட்டுறது, இதுக்குத்தான். சீசனுக்கு நாலு நாள் ஓடுற வண்டிக்கு அது தேவையில்லை.

"அப்ப 20டபிள்யூ-50 ஊத்திடலாமே, நல்லாத் தடிச்சு நிக்குமே"ன்னு சித்தப்பா கேட்டாரு. ஊர்ல நிறையப் பேர் பண்றது அதுதான். தேஞ்ச இன்ஜின்ல தடிச்ச ஆயில் ஊத்தினா பிரஷர் முள் மேல ஏறும், மனசு நிறையும். ஆனா முள் ஏறுறதும், ஆயில் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்றதும் வேற வேற. மாமா சொன்னாரு, "அது காய்ச்சலுக்கு மாத்திரை குடுக்கிற மாதிரி, பாப்பா. காய்ச்சல் இறங்கும். வியாதி அப்படியே இருக்கும்." நீலப்புகை விட்டு ஆயில் குடிக்கிற வண்டியில கொஞ்ச நாள் ஓட்ட அது உதவலாம். நம்ம வண்டிக்கு அந்த வியாதி இருக்கான்னு பாக்காம மாத்திரை எதுக்கு?

இரண்டாவது கேள்வி: மருந்து

டப்பா பின்னாடி ஏபிஐ-ன்னு போட்டு ரெண்டு எழுத்து இருக்கும். எஸ்-ல ஆரம்பிச்சா பெட்ரோல் இன்ஜினுக்கு. சி-ல ஆரம்பிச்சா டீசலுக்கு. ரெண்டாவது எழுத்து, அகர வரிசையில பின்னாடி போகப் போகப் புதுசு. சிடி 1950-கள்ல வந்தது. சிஎஃப்-4 1990-ல, சிஹெச்-4 1998-ல, சிஐ-4 2002-ல, சிகே-4 2016-ல.

நான் வாங்கினது எஸ் வகை. இதுதான் ரெண்டாவது சிக்கல். டீசல் இன்ஜின்ல கரி அதிகம். அந்தக் கரி ஒண்ணோட ஒண்ணு சேந்து கட்டியாகாம ஆயில்லயே பரவி மிதக்கணும்னா, அதுக்குத் தனி மருந்து கூடுதலா வேணும். டிடர்ஜென்ட், டிஸ்பர்சன்ட்னு சொல்லுவாங்க. நம்ம சோப்புத்தூள் வேலை மாதிரிதான்.

இங்க ஒரு தப்பான நம்பிக்கையை உடைச்சுட்டுப் போவோம். டீசல் வண்டியில ஆயில் மாத்தின ரெண்டே நாள்ல கறுத்துடும். "கடைக்காரன் ஏமாத்திட்டான்"னு சண்டைக்குப் போயிடாதீங்க. கறுக்குதுன்னா கரியை எடுத்துக்கிட்டு வருதுன்னு அர்த்தம், வேலை செய்யுதுன்னு அர்த்தம்.

சரி, 1988 வண்டிக்கு 2002 வகை ஆயில் ஊத்தலாமா? ஊத்தலாம். சிஐ-4, தனக்கு முந்தின சிடி, சிஎஃப்-4, சிஹெச்-4 எல்லாத்துக்கும் பதிலாப் போடக்கூடிய மாதிரி வகுக்கப்பட்டது. சிகே-4? அதுவும் கெடுதல் இல்ல. ஆனா அது சைலன்சர்ல கரி வடிகட்டி வச்ச புது வண்டிகளுக்காகச் சாம்பலைக் குறைச்சுப் பண்ணது. தாத்தா வண்டியோட சைலன்சர் வானத்தைப் பாத்து நிக்கிற ஒரு குழாய். அதுக்கு எதுக்குக் கூடுதல் காசு?

அமில விஷயமும் இப்ப மாறியிருக்கு. 2020 ஏப்ரல்ல இருந்து நாடு முழுக்க விக்கிற டீசல்ல கந்தகம் 10 பிபிஎம்-க்கு மேல இருக்கக் கூடாது. தாத்தா வண்டி வாங்கின காலத்து டீசல்ல இதைவிடப் பல மடங்கு இருந்துச்சு. அதனால பழைய இன்ஜினுக்கு அமிலத் தொல்லை குறைஞ்சிருக்கு.

குச்சி சொன்ன உண்மை

இப்பத்தான் கதையோட முக்கியமான இடம். ஆயில் அளவு பாக்கிற குச்சியை மாமா உருவினாரு. மேல் கோட்டையும் தாண்டி ஆயில் நின்னுச்சு. சித்தப்பாவுக்குப் பெருமை தாங்கல. "பாத்தீங்களா? அப்பா எப்பவும் சொல்லுவாரு, என் வண்டி ஒரு சொட்டு ஆயில் குடிக்காதுன்னு. கடைசி வருஷம் ஊத்தவே இல்ல."

மாமா குச்சியை மூக்குக்கிட்ட கொண்டுபோனாரு. அப்புறம் எங்கிட்ட நீட்டினாரு. எனக்கே தெரிஞ்சுது, டீசல் நாத்தம். ஒரு பழைய பேப்பர் மேல ஒரு சொட்டு விட்டாரு. நடுவுல கறுப்பு வட்டம், அதைச் சுத்தி ஈரமா வெளிறின வளையம் பரவிக்கிட்டே போச்சு.

நடந்தது இதுதான். டேங்க்ல இருந்து டீசலை இழுத்துக் குடுக்கிற ஃபீட் பம்புக்குள்ள ஒரு ரப்பர் டயஃப்ரம் இருக்கு. அது கிழிஞ்சிருக்கு. டீசல் சொட்டுச் சொட்டா இன்ஜின் சேம்பருக்குள்ள இறங்கியிருக்கு. வண்டி ஆயில் குடிச்சிருக்கு, ஆனா குடிச்ச அளவுக்கு டீசல் வந்து ரொப்பியிருக்கு. அதனால குச்சியில குறையவே இல்ல. வண்டி நின்னப்புறமும் டேங்க் குழாயை யாரும் மூடல. மேல இருக்கிற டேங்க்ல மிச்சம் இருந்ததும் தானா இறங்கியிருக்கு.

கடைசி வருஷம் தாத்தாவுக்குக் கண்ணுல புரை. குச்சியில கோடு தெரியும், ஆயிலோட நெறம் தெரியாது. யார் மேல குத்தம் சொல்றது? யாருமே ஒரு தடவை மோந்து பாக்கல, அவ்வளவுதான்.

நான் மட்டும் போன வேகத்துல பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருகியிருந்தா, டீசல் கலந்து தண்ணியாப் போன ஆயில்ல, ஒன்பது வருஷம் காஞ்ச பேரிங் சுத்தியிருக்கும். பழைய இரும்புக்காரருக்கு நானே பாக்கெட் போட்டுக் குடுத்த மாதிரி ஆயிருக்கும்.

அதனால இதை எழுதி வச்சுக்கங்க. ஆயில் குறைஞ்சா கவலைப்படணும். தானா கூடினா அதைவிட ஜாஸ்தி கவலைப்படணும். டீசல் வாடை அடிச்சா எரிபொருள் கலந்திருக்கு. பால் ஊத்தின காபி நெறத்துல இருந்தா தண்ணி கலந்திருக்கு. ரெண்டுலயும் எந்த ஆயில் ஊத்துறதுங்கிற கேள்வியே அப்புறம்தான்.

அடியில படிஞ்ச வண்டல்

டயஃப்ரம் மாத்தியாச்சு. இப்ப புது ஆயில் ஊத்திடலாமா? மாமா ஒத்துக்கல. பழைய வண்டிகள்ல சேம்பர் அடியில கறுப்புக் களி மாதிரி வண்டல் படிஞ்சு கிடக்கும். புது ஆயில்ல இருக்கிற டிடர்ஜென்ட் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக் கிளப்பிவிடும். கிளம்பின கட்டி, ஆயில் பம்போட சல்லடையை அடைச்சா, நல்ல ஆயில் ஊத்தியும் இன்ஜின் பட்டினி கிடந்து சாகும். "பழைய இன்ஜினுக்குப் புது ஆயில் ஆகாது"ன்னு பெரியவங்க சொல்றதுக்கு அடிப்படை இதுதான். ஆயில் மேல தப்பு இல்ல, அழுக்கு மேலதான் தப்பு.

டிராக்டர் சேம்பர், கார்ல இருக்கிற மாதிரி தகடு இல்ல. கனமான வார்ப்பிரும்பு. முட்டுக் குடுத்து இறக்கவே ஒரு பகல் போயிடுச்சு. உள்ள கைவிட்டு வழிச்சப்போ களிம்பு மாதிரி ஒரு சட்டி வந்துச்சு. சல்லடையில பாதிக்கு மேல அடைச்சிருந்துச்சு. டீசல்ல கழுவி, துணியால துடைச்சு, புது கேஸ்கட் போட்டு ஏத்தினோம். ஆயில் ஃபில்டரும் புதுசு.

கடைசியா என்ன ஊத்தினோம்?

15டபிள்யூ-40, ஏபிஐ சிஐ-4, சாதா மினரல் ஆயில். மன்னார்குடியில எந்தக் கடையிலயும், பெட்ரோல் பங்க்லயும் கிடைக்கிற சாமான். அது கிடைக்கலன்னா 20டபிள்யூ-40, சிஎஃப்-4 போதும்னு மாமா சொன்னாரு. நம்ம ஊர் வெயிலுக்கு ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. பிராண்டை விட முக்கியம், மூடி சீல் உடையாத கேனா, அந்த ரெண்டு குறியீடும் இருக்கான்னு பாக்கிறது. காலி கேனை அப்படியே தூக்கிப் போடாம ஓட்டை போட்டுடுங்க. இல்லன்னா அதுல கழிவு ஆயிலை அடைச்சு உங்களுக்கே வித்துடுவாங்க.

அதே ஆயில்தான் ஏர் கிளீனர் கிண்ணத்துக்கும். இந்த மாதிரி பழைய வண்டிகள்ல காத்து, ஆயில் வழியா வடிஞ்சுதான் உள்ள போகும். கோடு வரைக்கும்தான் ஊத்தணும். ஆர்வக் கோளாறுல ரொப்பினா இன்ஜின் அந்த ஆயிலையே உறிஞ்சு எரிக்க ஆரம்பிச்சு, நிறுத்தினாலும் நிக்காம ஓடும்.

கியர் பாக்ஸ், ஹைட்ராலிக் ஆயில் தனி. இன்ஜின் ஆயிலோட குழப்பிக்காதீங்க. பிரேக் ஆயிலுக்குள்ளயே முங்கியிருக்கிற மாடல்னா அதுக்குன்னே சொன்ன ஆயில்தான், வேற போட்டா பிரேக் கத்தும்.

பத்தாவது நாள்

முதல்ல கையால கிராங்க்கை மெதுவாச் சுத்திப் பாத்தோம். சுத்துச்சு. அப்புறம் ஸ்டாப் கம்பியை இழுத்துப் பிடிச்சு, டீசல் போகாம செல்ஃப் மட்டும் கொஞ்சம் கொஞ்சமா அடிச்சோம். இன்ஜின் எரியாது, ஆனா ஆயில் பம்பு சுத்தும். மூணாவது தடவை பிரஷர் முள் லேசா அசைஞ்சுது. "இப்ப விடு"ன்னாரு மாமா.

கம்பியை விட்டேன். ரெண்டு தும்மல், ஒரு கறுப்புப் புகை, அப்புறம் அந்தச் சத்தம். பாட்டி உள்ள இருந்து வெளிய வந்தாங்க. ஒண்ணும் பேசல. திண்ணையில உக்காந்து, முந்தானையை வாயில வச்சுக்கிட்டு கேட்டுக்கிட்டே இருந்தாங்க.

இன்ஜின் நல்லாச் சூடு ஏறினப்புறம் ஐடிலிங்ல முள் எங்க நிக்குதுன்னு பாத்தோம். பச்சைக்குள்ள. அதுதான் உண்மையான பரீட்சை. குளிர்ல எல்லா வண்டியும் பாஸ் ஆகும். சூட்டுலயும் நின்னுச்சுங்கிறதால தடிச்ச ஆயில் தேவையில்லைன்னு முடிவாச்சு. அந்த முதல் ஆயிலைப் பத்து மணி நேரம் ஓட்டினதும் ஃபில்டரோட மாத்திட்டோம், மிச்ச அழுக்கு அதோட போகட்டும்னு. வடிச்ச ஆயிலை வாய்க்கால்ல விடல. கேன்ல அடைச்சு, கழிவு ஆயில் எடுக்கிறவங்ககிட்ட குடுத்தோம். அந்த வாய்க்கால் தண்ணிதான் நம்ம வயலுக்குப் போகுது.

வண்டி இப்ப மறுபடி உழ ஆரம்பிச்சுடுச்சான்னு கேட்டா, இல்ல. டயர் போயிடுச்சு, கிளட்ச் பாக்கணும். சித்தப்பா "குறுவை வரைக்கும் பாப்போம்"னு சொல்லியிருக்காரு. பழைய இரும்புக்காரர் நம்பரை அவர் இன்னும் அழிக்கல. ஆனா வாரத்துக்கு ஒரு தடவை குச்சியை உருவி, துடைச்சு, மோந்து பாத்து எனக்கு போட்டோ அனுப்புறாரு. மோப்பத்தை போட்டோவுல எப்படிப் பாக்கிறதுன்னுதான் தெரியல.

எந்த ஆயில்னு தேடிப் போனவளுக்கு, ஊத்துறதுக்கு முன்னாடி உள்ள என்ன இருக்குன்னு பாருங்கிறதுதான் பதிலாக் கிடைச்சுது. உங்க வீட்டுல தூங்கிக்கிட்டு இருக்கிற வண்டி எது? இந்த வாரம் ஊருக்குப் போனா குச்சியை உருவிப் பாத்துட்டு எனக்கு ஒரு வாய்ஸ் நோட் போடுங்க.